சத்தம் இல்லாத ஏர்

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி,
ஜூன் 20

அன்பு மகன் சகாய ஆனந்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் தங்கை சுபாவும் உயிரோடுதான் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதை இதை முழுதாகப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, மடத்துச் சாப்பாட்டில் உப்பு போடுகிறார்களா என்பதற்கு ஒளிக்காமல் பதில் எழுது. போன கடிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எல்லாம் நன்றாக இருக்கிற இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். துறவற மடத்தில் முதல் வருஷம் கைபேசி கூடாது, கடிதம்தான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் ஞாயிறு மட்டும் மடத்துப் போனிலிருந்து யாராவது ஒருவருக்கு ஐந்து நிமிஷம் பேசலாம் என்று நீ சேர்ந்த அன்றே சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த ஜூன் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனபோது சுபா கையில் கொடுத்துவிட்டுப் போனேன். உன் போன் வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா, இல்லை ஏதாவது தப்புச் செய்து போனை நிறுத்திவிட்டார்களா? சுபாவைக் கேட்டால், அண்ணனுக்கு ஏதாச்சும் வேலை இருந்திருக்கும்ப்பா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் போன் என்றால் எனக்கு முன்னால் ஓடிவந்து எடுக்கிறவள் அவள். அவ்வளவு சுலபமாக அவள் சமாதானம் ஆனது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்கு வருகிற கடிதங்களை உங்கள் மடத்து ஃபாதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். படிக்கட்டும். தோத்திரம் ஃபாதர். என் மகனின் போனை நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்றால் காரணத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். ஆனந்து, உறையில் பசையை வழக்கத்துக்கு அதிகமாகத் தடவியிருக்கிறேன். பிரித்து ஒட்டியிருந்தால் உனக்குத் தெரியும்.

இனி சுபா விஷயம். பெங்களூரில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே ஆப் செய்து கொடுப்பது உனக்குத் தெரியும். ஆப்பு என்றால் எனக்கு மரம் பிளக்க அடிக்கிற ஆப்பும், அடுத்தவனுக்கு வைக்கிற ஆப்பும்தான் தெரியும். இவள் செய்வது ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்காமல் டோக்கன் எடுக்கிற ஆப். சாதாரணப் போனுக்கு உன் பழைய லேப்டாப்பிலேயே செய்து முடித்துவிட்டாள். இப்போது அதையே ஐபோனுக்கும் செய்ய வேண்டுமாம். அதற்கு ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம், மற்றதில் ஆகாதாம். எங்கள் டிராக்டரில் எங்கள் கலப்பையைத்தான் பூட்ட வேண்டும் என்று ஒரு கம்பெனிக்காரன் சொன்னால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். இவர்கள் உலகத்தில் அதற்குப் பெயர் தரமாம்.

கம்பெனியில் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர் சொந்தமாக இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் ஜூலை நடுவில் பெங்களூருக்குக் குடிபோய் ஆபீஸ் மிஷினில் உட்கார வேண்டும். புதிது வாங்குவது நமக்கு ஆகாத காரியம். நல்லதாகப் பழையது ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடுகிறாள். அவள் போய்விட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். பெங்களூர்த் தண்ணீர்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதுதான் என் கவலை.

இப்போது என் காதில் விழுந்ததைக் கேள். போன வாரம் ஒரு சாயங்காலம் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே சுபா போனில் பேசினாள். பழைய ஏர் நல்லா இருக்குங்களா, எத்தனை சைக்கிள் ஓடியிருக்கு, அப்பாகிட்ட இப்ப சொல்லல, வந்து பாத்துட்டு சொல்லிக்கிறேன் என்று. நான் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். நம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இவளுக்கு ஏர் எதற்கு, அதுவும் பழைய ஏர்? ஏர் எப்படி சைக்கிள் ஓட்டும்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நிலபுலம் உள்ள எவனையோ பார்த்து வைத்திருக்கிறாள், ஏர் என்பதும் சைக்கிள் என்பதும் அவர்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசியப் பேச்சு. நீ சிரிப்பது தெரிகிறது. தாய் இல்லாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

சனிக்கிழமை, அரியலூர் வரைக்கும் போயிட்டு வரேன்ப்பா என்று கிளம்பினாள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நம் பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் கருவாட்டுப் பையோடு நின்றது. சுபா இப்பத்தான் பெரம்பலூர் பஸ் ஏறிச்சு, நீங்க பின்னாடி போறீங்களாக்கும் என்று நான் கேட்காமலே சொன்னது. நானும் அடுத்த பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பெரம்பலூரில் பாலக்கரையில் இறங்கி ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வாசலில் அவள் செருப்பு கிடந்தது. வார் அறுந்து நான் தைத்துக் கொடுத்த செருப்பு, அதனால் சந்தேகமே இல்லை.

உள்ளே நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பையனும் இவளும் ஒரு மிஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து அவள் திடுக்கிட வேண்டுமா இல்லையா? வாங்கப்பா என்று ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள். அப்போதுதான் விளங்கியது, ஏர் என்பது அந்தக் கம்ப்யூட்டரின் பெயர். சைக்கிள் என்பது அதன் பேட்டரியை எத்தனை முறை தீர்த்து ஏற்றினார்கள் என்கிற கணக்கு. டிராக்டரில் மணிக்கணக்கு மீட்டர் இருக்கிற மாதிரி. அந்த மீட்டரைப் பின்னால் திருப்பி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை வருஷம் பழைய டிராக்டர் தரகு செய்தவன் நான். எந்த மிஷினையும் முதலில் காதால்தான் பார்ப்பேன். ஸ்டார்ட் பண்ணுப்பா என்றேன். ஆன்லதாங்க ஐயா இருக்கு என்கிறான். காதை வைத்துப் பார்த்தேன், மூச்சுப் பேச்சு இல்லை. இதுல ஃபேனே கிடையாதுங்க, சத்தமே வராது, அதான் இதுக்குப் பெருமை என்கிறான். தாம்பாளம் மாதிரி மெலிசாக, ஃபேனும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் ஒரு மிஷின் வேலை செய்யும் என்றால் நான் எப்படி நம்புவது? சூடு எங்கே போகும்?

அதைவிடக் கேள். நான் ஒன்றுமே கேட்கவில்லை, அவனாகவே அதன் குறைகளை ஒப்பிக்கிறான். மூலையில் அடிபட்டு நசுங்கியிருக்கிறதாம், ஒரு பட்டன் ஒட்டிக்கொள்கிறதாம், பேட்டரி கொஞ்சம் களைத்துவிட்டதாம், உள்ளே இடம் குறைவாம். ஆனா ஐயா, ஆப்பிள்காரன் வருஷா வருஷம் விடுற புது சிஸ்டம் சாஃப்ட்வேர் இதுல ஏறும், இன்னும் சில வருஷத்துக்கு ஏறும், பெருசா இருக்கிற மத்த பழசுல ஏறாது, சுபாவுக்கு வேண்டியது அது ஒண்ணுதான் என்றான். என் தரகு வாழ்க்கையில் குறையைக் கேட்காமல் சொன்ன வியாபாரியை நான் கண்டதில்லை. சின்னக் குறையை எடுத்துக் காட்டுகிறான் என்றால் பெரிய குறையை மறைக்கிறான் என்றுதான் அர்த்தம். விலையும் சுபா விசாரித்து வைத்திருந்ததைவிடக் குறைவாகச் சொன்னான். ஏம்ப்பா இவ்வளவு குறைச்சுத் தர்ற என்று நேரடியாகவே கேட்டேன். அவன் சுபாவைப் பார்த்தான். சுபா தரையைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் சுபாவை அரியலூரில் இன்னாசிமுத்து கடைக்குக் கூட்டிப் போனேன். வரதராஜன்பேட்டைக்காரர், நம்மவர், ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கிறார். கடையில் அடைக்கல மாதா படத்துக்கு விளக்கு எரிகிறது. அவரிடமும் அதே ஆப்பிள் கம்பெனி மிஷின் ஒன்று இருந்தது. நல்ல கனம், அகலமான திரை, ஒரு கீறல் கிடையாது. போட்ட கொஞ்ச நேரத்தில் உர்ர் என்று உள்ளே ஃபேன் சுற்றுவது கேட்டது. உயிர் இருக்கிற மிஷின். ஒரு குறையும் இல்லண்ணே, மாதா மேல சத்தியம், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க என்றார். சுபா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ரொம்பப் பழைய வருஷத்துதுப்பா, புது சிஸ்டம் இதுல ஏறாது என்றாள். அவர் எல்லாம் ஏறும் பாப்பா என்கிறார். அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. இவளுக்குக் காரணம் இருக்கிறது, பெரம்பலூரில் இருக்கிறது.

ஆகவே புதன்கிழமை நான் மட்டும் போய் இன்னாசிமுத்துவிடம் வாங்கி வரப் போகிறேன். இவளைக் கூட்டிப் போனால் எதையாவது சொல்லித் தட்டிவிடுவாள். நீ இவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது எனக்குத் தெரியும். அவள் மனசில் யார் என்று உனக்குத் தெரிந்திருந்தால் அண்ணன் என்கிற முறையில் எனக்கு எழுது. மறைக்காதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
அடைக்கலசாமி


ஏலாக்குறிச்சி,
ஜூலை 4

அன்பு மகன் ஆனந்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதைப் பற்றிப் பின்னால் கேட்கிறேன். முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சொன்னபடி புதன்கிழமை போய் அந்த மிஷினை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னங்க அது என்று மூன்று முறை கேட்டான், பலகாரம் என்று சொல்லிவிட்டேன். நேராகக் கோயிலுக்குப் போய் மந்திரித்த தண்ணீர் தெளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுபா அதைப் பார்த்தாள். மேசையைத் துடைத்து அதில் வைத்தாள். அப்புறம் தேங்க்ஸ்ப்பா என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

அவள் சொன்னதுதான் நடந்தது, தம்பி. மிஷின் ஓடுகிறது, உறுமுகிறது, திரை பளபளக்கிறது, பாட்டுப் பாடுகிறது. ஆனால் புது சிஸ்டம் ஏறவில்லை. அதில் ஏறுகிற கடைசி சிஸ்டம் பல வருஷத்துக்கு முந்தியதாம். அதை வைத்து ஆப் கட்டினால் ஆப்பிள்காரன் தன் கடையில் வாங்கி வைக்கமாட்டானாம். குறுக்கு வழியில் புதுசை ஏற்ற முடியும் என்று எங்கேயோ படித்துவிட்டு சுபா ராவும் பகலுமாக முட்டிப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. இப்போது அந்த மிஷினைப் போட்டால் உடனே அந்தப் பாதி வேலையை மறுபடி ஆரம்பிக்கிறது. ஒரு கோடு திரையில் மெதுவாக நகரும், ஃபேன் பேய் மாதிரி கத்தும், கோடு முக்கால்வாசி போனதும் அணைந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து. அப்படியே ஏற்றிவிட்டாலும் கம்பெனியில் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்களாம்.

நான் உடனே நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் போக ஆசைப்பட்டு இவளே எதையாவது அமுக்கி வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற புவனேஸ்வரி டீச்சர் வீட்டுக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா பின்பக்கத்து நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, உங்க பொண்ணு சொன்னது சரிதாங்க, வாங்குறதுக்கு முன்னாடி இந்த நம்பரைப் போட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே என்றார்கள். அந்த நம்பரைத்தான் சுபா அன்றைக்குக் கடையில் திருப்பிப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பரைப் பார்க்கவில்லை.

இன்னாசிமுத்துவிடம் போய்ச் சத்தம் போட்டேன். பழசுக்கு ஏதுண்ணே திருப்பி வாங்குறது, நான் ஓடும்னுதானே சொன்னேன், ஓடுதா இல்லையா என்கிறார். மாதா மேல சத்தியம் செய்தீரே என்றேன். ஓடும்னுதாண்ணே செஞ்சேன் என்கிறார். அவருக்கே விஷயம் தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரியாமலே சத்தியம் செய்கிறவனை எந்தக் கணக்கில் வைப்பது என்று உங்கள் ஃபாதரைக் கேட்டு எழுது.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நான் கேட்டது மூன்று. உடம்பு எப்படி, போன் ஏன் வரவில்லை, சுபா மனசில் யார். மூன்றுக்கும் பதில் இல்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பெரம்பலூர் ஏரையே வாங்கிவிடுங்கள் அப்பா, குருமூர்த்தி பொய் சொல்கிற ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கடிதம் வருவதற்குள் நான் வாங்கிவிட்டேன், அது கிடக்கட்டும். அந்தக் கடைக்காரப் பையன் பெயரை நான் என் கடிதத்தில் எழுதவே இல்லை, ஆனந்து. எழுதியதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டேன். திருநீறு பூசிய பையன் என்றுதான் எழுதியிருக்கிறேன். எனக்கே நேற்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் அவன் பெயர் குருமூர்த்தி என்று தெரிந்தது. மடத்துக்குள் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது?

சுபாவிடம் காட்டிக் கேட்டேன். அண்ணனோட காலேஜ்ல படிச்சவராம்ப்பா என்றாள். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றால், நீங்க கேக்கலியே என்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள். அம்மா இருந்தவரைக்கும் அவளும் உங்களோடு சேர்ந்துகொண்டு இப்படித்தான் செய்வாள். அப்போது எனக்குக் கோபம் வராது. இப்போது வருகிறது.

திங்கட்கிழமை நான் தனியாகப் பெரம்பலூர் போகிறேன். அந்த ஏர் இன்னும் இருந்தால், அவன் சொன்ன குறைகளோடு, சொல்லாத குறைகளோடு வாங்கிவிடுவேன். சுபாவிடம் சொல்லவில்லை. கம்பெனியில் இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவள் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். பெட்டியில் பூச்சி இருந்துச்சுப்பா என்கிறாள்.

எனக்காக இல்லை, அவளுக்காக வேண்டிக்கொள்.

உன் அப்பா,
அடைக்கலசாமி


ஏலாக்குறிச்சி,
ஜூலை 26

அன்பு மகன் ஆனந்துக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். சுபா பெங்களூர் போய்விட்டாள். அவளே உனக்கு எழுதியிருப்பாள்.

பெரம்பலூர் போன கதையைச் சொல்கிறேன். கடையில் குருமூர்த்தி இல்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. அவரு சாப்பிடப் போயிருக்காருங்க, நான் அவரு வீட்டுக்காரி நந்தினி, உக்காருங்க அப்பா என்றது. அன்றைக்குச் சுபா இழுத்துப் போட்ட அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. எத்தனை வாரம் எதையெல்லாம் நினைத்து ராத்திரி புரண்டு படுத்தேன் என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

அவன் வந்ததும் அந்த ஏரைக் கேட்டேன். அவன் முகம் வாடிப்போனது. நீங்க வேண்டாம்னு போன பிறகும் கொஞ்ச நாள் யாருக்கும் காட்டாம மேசைக்கு அடியிலேயே வச்சிருந்தேங்க ஐயா, நீங்க வேற வாங்கிட்டதா சுபா போன்ல சொன்ன பிறகுதான் கொடுத்தேன், அரும்பாவூர்ல ஒரு பொண்ணு, அதுவும் இதே மாதிரி ஆப் செய்யுற பொண்ணுதான் என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? எதுக்குப்பா எனக்காக எடுத்து வைக்கணும், எதுக்கு அவ்வளவு குறைச்சுச் சொன்ன, இன்னைக்காவது உண்மையைச் சொல்லு என்றேன். அவன் இப்போது நந்தினியைப் பார்த்தான். சொல்லிடுங்க என்றது அது.

அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். ஜூன் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஆனந்து போன் பண்ணினான் ஐயா. அஞ்சு நிமிஷந்தான் விடுவாங்கடா, குறுக்க பேசாம கேளுன்னான். தங்கச்சிக்கு புது சிஸ்டம் ஏறுற மாதிரி பழைய ஏர் ஒண்ணு பாரு, நீ வாங்குன விலைக்கே கொடு, அது கிடைக்கலேன்னா அவ பெங்களூர் போயிடுவான்னான். போனா என்னடா, நல்ல வேலைதானேன்னு கேட்டேன். அப்பா தனியா சாப்பிட உக்காரமாட்டார்டா, நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுட்டு எழுந்துடுவார், அம்மா போனப்ப அப்படித்தான் இருந்தார்ன்னான். கடைசியா, நான் போன் பண்ணினதை அப்பாகிட்ட சொல்லிடாத, அவர் இந்நேரம் போனைப் பையில வச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருப்பார்ன்னான். அப்பவே மணி அடிச்சுட்டாங்க.

ஆனந்து, நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். கடைக்குப் பென் டிரைவ் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வர வேண்டிய போனை யார் நிறுத்தினார்கள் என்று ஃபாதரைச் சந்தேகப்பட்டேன், சுபாவைச் சந்தேகப்பட்டேன், உன்னையும் சந்தேகப்பட்டேன். நீ அதை எனக்காகத்தான் செலவு செய்திருக்கிறாய். நீ தேடி வைத்ததை நான் காதை வைத்துப் பார்த்துச் சத்தம் வரவில்லை என்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவன் இன்னொன்று தேடித் தருகிறேன் என்றான், நாள் ஆகும் என்றான். சரிப்பா பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன விலை, என்ன குறை என்று நான் கேட்கவில்லை. அவனாகவே ஏதோ குறை சொல்ல ஆரம்பித்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.

ஆனால் கம்பெனிக்குப் பொறுமை இல்லை. சுபாவைப் பெரம்பலூர் நாலு ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டேன். டிரைவர் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன். அப்பா, இது டிராக்டர் இல்லப்பா என்று சிரித்தாள். குருமூர்த்தியும் நந்தினியும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பொட்டலம். ஒன்று எனக்காம். பஸ் நகர்கிற வரைக்கும் சுபா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிடுங்கப்பா, உக்காந்து சாப்பிடுங்கப்பா என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்போதுதான் நீ குருமூர்த்தியிடம் சொன்னது அவளுக்கும் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தினமும் பேசுகிறாள். ஹாஸ்டல் நல்லா இருக்கு, சாப்பாடு நல்லா இருக்கு, தண்ணி நல்லா இருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் நல்லவங்க என்கிறாள். உன் கடிதம் மாதிரியே பேசுகிறாள். நீயே சொல், இதை நான் எப்படி நம்புவது? முந்தாநாள் பேசும்போது மூக்கை உறிஞ்சினாள். சளியா என்றால் இல்லை என்கிறாள். அப்படியானால் எதற்கு உறிஞ்ச வேண்டும்?

ஊர்ச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. திருமழபாடிப் பக்கம் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. செல்வம்மாள் இரண்டு நாளைக்கு ஒருமுறை குழம்பு கொண்டுவந்து வைக்கிறது. எதற்கு வைக்கிறது என்று முன்பென்றால் யோசித்திருப்பேன்.

அந்தப் பெரிய மிஷினை சுபா இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். குருமூர்த்தி வந்தால் அதைச் சரிசெய்து உங்களுக்குப் பூசைப் பாட்டு கேட்கிற மாதிரி வைத்துத் தருவார் என்று சொன்னாள். வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கோயில் மணி அடித்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இருப்பதில்லை. அப்போது அதை எடுத்துச் சுபா உட்கார்ந்து வேலை செய்த மேசையில் வைத்துப் போடுகிறேன். கோடு நகர ஆரம்பிக்கும், ஃபேன் உர்ர் என்று கத்தும். அடுத்த அறையில் யாரோ வேலை செய்கிற மாதிரி இருக்கும். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அது முக்கால்வாசி ஏறி அணைவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன், அவளுக்குச் சொல்லாதே.

ஆகஸ்டு முதல் ஞாயிறு வருகிறது. எனக்குப் போன் போடாதே. அந்த ஐந்து நிமிஷத்தையும் சுபாவுக்கே கொடு. உன்னிடம் அவள் பொய் சொல்லமாட்டாள். அவள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டு எனக்கு எழுது. அவள் சொன்னால் நான் நம்பமாட்டேன், நீ எழுதினால் நம்புகிறேன்.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளை மாதா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாளாக.

உன் அப்பா,
அடைக்கலசாமி

ஃபாதருக்கு: தோத்திரம். இந்த முறை உறையில் பசை குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் இதைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு போன் என்பது உங்கள் மடத்துச் சட்டம், அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் இந்த ஆகஸ்டு ஞாயிறு மட்டும் என் மகனுக்கு இரண்டு போன் கொடுக்க முடியுமா? போடாதே என்று மேலே எழுதியிருப்பதை அவன் அப்படியே நம்பிவிடுவான். அவன் என்னைப் போல இல்லை.